கோதண்டபாணியின் ரஷ்யா கேமரா

கோதண்டபாணியிடம் ஒரு கேமரா இருந்தது. அதைப் பற்றி அவன் பேசாத நாளை நான் பார்த்ததில்லை. அவன் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. ஒருவனுடைய பீற்றலைப் பதினைந்து வருஷம் எதிர்வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது என்ன பாடு என்று பட்டவனுக்குத்தான் தெரியும். நெய்வேலிக்கு வந்திருந்த ரஷ்ய இஞ்சினியர் ஒருவருக்கு அவன் அப்பா சமையல் செய்து போட்டாராம். ஊருக்குத் திரும்பும்போது அந்த மனுஷன் தன் கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். “முழுக்க இரும்பு. இதால மண்டையில அடிச்சா ஆளு செத்துப்பூடுவான்” என்பான் கோதண்டபாணி. படம் எடுக்கிற சாமானுக்கு அவன் சொல்கிற முதல் சிறப்பு அது.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற தனியார் பட்டறை ஒன்றில் அவன் சூப்பர்வைசர். ஃபியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை எல்லாம் அங்கே உண்டு. முப்பது பேர் வேலை செய்வார்கள், எட்டுப் பேருக்குத்தான் பதிவேட்டில் பெயர் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுதபூஜை அன்றைக்கு எல்லோரையும் கொட்டகையில் நிறுத்தி, பின்னால் தூரத்தில் சூளை தெரிகிற மாதிரி கோதண்டபாணி படம் எடுப்பான். அந்தப் படத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். சூளைக் கதவின் தாழ்ப்பாள்கூடத் துல்லியமாக விழுந்திருக்கும். முன்னால் நிற்கிற மனுஷர்களின் மூஞ்சி மட்டும் தண்ணீர் பட்ட கடுதாசி மாதிரி கலங்கிக் கிடக்கும். பதினோரு வருஷப் படமும் அப்படித்தான். கேட்டால், “ஆளுங்க ஆடிட்டானுங்க” என்பான். பதினோரு வருஷமாக முப்பது பேரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றாக ஆடினார்களாம்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் அவன் மச்சான் மாணிக்கவேல் படுத்துவிட்டான். மாணிக்கவேல், கோதண்டபாணியின் மனைவி அம்புஜவல்லிக்குத் தம்பி. ஸ்ரீமுஷ்ணத்தில் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். “நான் வேல வாங்கித் தரேன் வாடா மாப்ள” என்று கூட்டிவந்து பட்டறையில் விட்டவனே கோதண்டபாணிதான். வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கிற அறையில் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சாயங்காலம் வெளியே வரும்போது இமை, காது மடல், மூக்குத் துளை எல்லாம் வெளுத்திருக்கும். கல்யாணம் காட்சி இல்லாமல் அக்கா வீட்டோடு இருந்துகொண்டு பதினோரு வருஷம் அந்தப் புழுதியைத் தின்றான். இப்போது பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்கினான். கம்பங்கூழைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் குடித்தான். “ஒடம்பத் தேத்திக்கிட்டு வா” என்று பட்டறையில் ஆடி மாதமே நிறுத்திவிட்டார்கள்.

நெஞ்சுக்குள் கல்மாவு படிந்திருக்கிறது, இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தொடர்ந்து வைத்தியம் பார்க்கலாம் என்றார் டாக்டர். பதிவேட்டில் பெயரே இல்லாதவனுக்குக் கார்டு எங்கிருந்து வரும்? அம்புஜவல்லி இ.எஸ்.ஐ. ஆபீசில் போய் விசாரித்தாள். அங்கிருந்த கிளார்க் நல்லபடியாகத்தான் சொன்னார். அவன் அங்கே வேலை செய்ததற்கு ஏதாவது அத்தாட்சி கொண்டுவாருங்கள், போட்டோ இருந்தாலும் சரி, அவனுக்கு மேலே இருந்தவர் வந்து சொன்னாலும் சரி என்றார்.

மேலே இருந்தவன் கோதண்டபாணி. தினமும் காலையில் ஆளைப் பார்த்து உள்ளே விடுகிறவன். மற்றவர்கள் வாயைத் திறந்தால் மறுநாள் வேலை இருக்காது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இவனுக்குப் பதிவேட்டில் பெயர் உண்டு, பி.எஃப். உண்டு, உட்கார ஃபேனுக்கு அடியில் இடம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

ஆபீசில் விசாரித்துவிட்டு அவள் வந்த அன்று நான் மாணிக்கவேலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அம்புஜவல்லி கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஆயுதபூஜைப் படங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள்.

“இதுல எது எந் தம்பி?” என்று புருஷனைக் கேட்டாள்.

கோதண்டபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். “இதோ, ஓரத்துலேருந்து மூணாவது ஆளு.”

“அது தங்கராசு.”

“அப்ப இது.”

“அது தூணு.”

சுவரில் சாய்ந்திருந்த மாணிக்கவேல் சிரித்துவிட்டான். சிரிப்பு இருமலாயிற்று. அம்புஜவல்லி அவன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“படத்த வுடுங்க. ஆபீசுல போயி, இவன் எங்கிட்டதான் வேல செஞ்சான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அது போதும்.”

“சொல்லலாம். சொல்றதுக்கு என்னா? முதலாளி என்னா நெனப்பாரு?”

“நெனச்சிட்டுப் போறாரு.”

“நீ வூட்ல ஒக்காந்துக்கிட்டு சொல்லுவ. வாயால சொல்றத எவன் நம்புவான்? போட்டோதான் ஆதாரம். இந்த வருசம் பூசைக்கு மாப்ளய நிக்க வெச்சி பளிச்சினு ஒண்ணு எடுத்துக் குடுத்துடறேன். கேமராவுல ஒரு சின்ன கோளாறு. அத மட்டும் பாத்துட்டா போதும்.”

“இத்தினி வருசமா ஆளுங்க ஆடுனானுங்கன்னு சொன்னீங்க.”

“ஆளுங்களும் ஆடுனானுங்க. கேமராவுலயும் கொஞ்சம் இருக்குது.”

“பேச வேண்டிய எடத்துல பேசாம, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?”

“வுடு அக்கா” என்றான் மாணிக்கவேல். “மாமா என்னா பண்ணுவாரு.”

கோதண்டபாணி அதைக் காதிலேயே வாங்காமல் கேமராவை எடுத்து வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு எழுந்து ஒன்று வைக்கலாம் போல இருந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோளாறு இதுதான். அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற துளையின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். எதிரே நிற்கிறவன் அந்தக் கட்டத்துக்குள் இரண்டாகத் தெரிவான். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வரும். இரண்டும் ஒன்றானதும் அமுக்கினால் படம் துல்லியமாக விழும். லென்ஸுக்குப் பின்னால் விரற்கடை அளவில் ஒரு இரும்புக் கை இருக்கிறது, அது முன்னும் பின்னும் அசைவதால்தான் இதெல்லாம் நடக்கிறது. கோதண்டபாணியின் கேமராவில் அந்தக் கை இறுகிப்போய் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் கட்டத்துக்குள் ஒன்றும் அசையாது. இவன் கோடி வரைக்கும் திருப்பி வைத்து அமுக்கிவிடுவான். தூரத்துச் சூளை விழும், கிட்டத்து மனுஷன் விழமாட்டான். ஆட்கள் இரண்டிரண்டாகத் தெரிகிறார்களே என்று கண் டாக்டரிடம் போய் நாலு தடவை கண்ணாடி மாற்றினான். கேமராவைச் சந்தேகப்படவில்லை. ரஷ்யாக்காரன் கொடுத்ததாயிற்றே.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. முதலில் தையல் மெஷின் எண்ணெய் விட்டான். எண்ணெய் லென்ஸில் படர்ந்ததுதான் மிச்சம். பிறகு பட்டறையில் யோசனை கேட்டான். தங்கராசு சூளைக்குத் தீ போடுகிறவன், அவனுக்குத் தெரிந்த மருந்து சூடு ஒன்றுதான். “உள்ள பிசுக்கு எறுகியிருக்கும்ண்ணே. சூளை ஓரத்துல ஒரு மணி நேரம் வெச்சா எளகிடும்” என்றான். இந்த அறிவாளியும் கொண்டுபோய் வைத்தான். கேமராவின் மேல் ஒட்டியிருந்த கறுப்புத் தோல் அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பியது. கை இளகவில்லை. இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. ஆபீஸ் இருந்தது சைக்கிளில் போனால் கால் மணி நேரத் தூரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பியிருப்பானா? சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காய்கறி நறுக்குகிற கத்தி முனையால் கேமராவைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அதே கூடத்தில் மாணிக்கவேல் தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு மூச்சுக்கு அல்லாடுவான்.

கடைசியில் அம்புஜவல்லி என்னிடம் வந்தாள். “அண்ணே, அந்தக் கேமரா சரியானாத்தான் அவரு அடுத்த காரியம் பாப்பாரு போல இருக்குது. நீங்களாச்சும் நல்லமுத்துகிட்ட இழுத்துக்கிட்டுப் போங்க. பூசைக்கு எட்டு நாளுதான் கெடக்குது.”

நல்லமுத்து பாலக்கரைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாண வீடுகளில் அவன் கேமராவைப் பார்த்து “பிளாஸ்டிக் டப்பா” என்று நாலு பேர் கேட்கச் சொன்னவன் கோதண்டபாணி. அதனால் போகக் கூச்சப்பட்டான். நான் விடவில்லை.

நல்லமுத்து லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கடிகாரக்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

“இதுக்குள்ள என்னாய்யா ஊத்துன?”

“மெஷின் எண்ணெ. ரெண்டு சொட்டு.”

“அதுக்கு மின்னாடி?”

கோதண்டபாணி கூரையைப் பார்த்தான்.

“எண்ணெ இப்பிடி வெள்ளையா பொருக்கு கட்டாது. என்னா ஊத்துனன்னு சொன்னாத்தான் நான் கை வெப்பேன்.”

“சோப்புத் தண்ணி” என்றான் கோதண்டபாணி, மெதுவாக.

பட்டறையில் பிளாஸ்டர் அச்சுகள் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் சோப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். பூசினால் தட்டிய தட்டில் கழன்று வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் லென்ஸ் வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று இவன் அதே சோப்பை, பிளாஸ்டர் மாவு ஒட்டிய அதே பிரஷ்ஷால் கேமராவுக்குள் பூசியிருக்கிறான். இரண்டு நாள் வழுவழுவென்று திரும்பியதாம். அப்புறம் எல்லாம் காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டது. இந்த மூளை இந்த ஊர்ப் பட்டறைக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் வராது.

“ஒட்டக்கூடாதுன்னா அதத்தான பூசுவோம்” என்றான் கோதண்டபாணி.

“எல்லாத்துக்கும் ஒரே மருந்தா? நல்லவேள, நீ டாக்டருக்குப் படிக்கல.”

நல்லமுத்து மேல்மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டபராவில் போட்டான். லைட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலில் பஞ்சைத் தொட்டு, பல் குத்துகிற குச்சியில் சுற்றி, அந்தக் கை சுழல்கிற ஆணியைச் சுற்றித் துடைத்தான். வெள்ளைப் பொருக்கு துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. பஞ்சு கறுத்ததும் வேறு பஞ்சு. விரலால் அழுத்தினால் கை உள்ளே போயிற்று, விட்டால் திரும்ப வர யோசித்தது. மறுபடி பெட்ரோல், மறுபடி பஞ்சு. ஒரு மணி நேரம் கழித்து, அழுத்திவிட்டதும் டக்கென்று திரும்பி வந்தது. ஊசி முனையில் கடிகார எண்ணெய் தொட்டு வைத்தான், ஒரு சொட்டுக்கும் குறைவாக. பிறகு லென்ஸில் படர்ந்திருந்த எண்ணெயைத் துடைத்து மாட்டி, கடை வாசலுக்கு வந்து, வளையத்தைக் கோடிக்குத் திருப்பி, தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தைப் பார்த்தான். கட்டத்துக்குள் கலசம் இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பொடித் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினான். அதற்கப்புறம் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, டேப் பிடித்து அளந்து, கிட்டத்திலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான்.

“ஒண்ணு சொல்றேன் கேளு. கை எறுகிக் கெடந்தாலும், டேப்பு வெச்சி தூரத்த அளந்து, வளையத்துல இருக்கற நம்பருக்குத் திருப்பியிருந்தா இத்தினி வருசமும் படம் ஒழுங்கா விழுந்திருக்கும்.”

வளையத்தில் நம்பர் இருப்பதையே கோதண்டபாணி அன்றைக்குத்தான் பார்த்தான்.

புரட்டாசி கடைசியில் ஆயுதபூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்ததும் கோதண்டபாணி எல்லோரையும் வரிசைப்படுத்தினான். இஸ்திரி போட்ட சட்டையில் மாணிக்கவேல் வந்திருந்தான். உட்காரவைத்தால் முகம் மறைந்துவிடும் என்று இவன் சொன்னதால், ஒரு பக்கம் தங்கராசுவும் இன்னொரு பக்கம் அரைக்கிற அறைக்காரன் ஒருவனும் தாங்கிக்கொண்டு நின்றார்கள். கோதண்டபாணி வளையத்தைத் திருப்பினான், திரும்பத் திரும்பத் திருப்பினான். வெகுநேரம் பிடித்தது. மாணிக்கவேலின் உதடு நீலம் பாரித்தது.

“யாரும் ஆடக்கூடாது. எல்லாரும் மூச்சப் புடிச்சிக்கங்க” என்றான்.

மூச்சே விட முடியாதவனை வைத்துக்கொண்டு அதையும் சொன்னான்.

படம் அற்புதமாக விழுந்திருந்தது. பொய் சொல்லக்கூடாது. மாணிக்கவேலின் கன்னத்து முள்தாடியை எண்ணலாம். கோதண்டபாணி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினான். “மயிரு மயிரா விழுந்திருக்குது பாருங்க.” ஆபீசுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்புஜவல்லியே அவன் பையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் மனுவோடு கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் விசாரணைக் கடுதாசி வந்தது. பட்டறைக்கும் ஒன்று போயிற்று. முதலாளி கோதண்டபாணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். என்ன பேசினார் என்று அம்புஜவல்லி கேட்டதற்கு, “எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னான். அதை அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

விசாரணை அன்றைக்கு ஆட்டோ பிடித்து மாணிக்கவேலைக் கூட்டிப்போனோம். மாடிப்படியில் நானும் அம்புஜவல்லியும் சேர்ந்து தூக்கினோம். இரண்டு கையிலும் அடங்குகிற கனம்தான் இருந்தான். நானும் சாட்சி சொல்லட்டுமா என்று முன்பே கிளார்க்கைக் கேட்டிருந்தேன். பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே போகாதவர் சொன்னால் செல்லாது என்றார். செல்லாது என்றதில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிதான். மற்றவனைக் கேவலமாகப் பேசுகிறவன் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலாளி வரவில்லை. பட்டறை சார்பில் கோதண்டபாணிதான் வந்திருந்தான், வெளுத்த வேட்டி சட்டையில். விசாரித்தது ஒரு பெண் அதிகாரி. படத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

“இந்த போட்டோ எடுத்தது யாரு?”

“நாந்தாங்க மேடம். ரஷ்யா கேமரா. நல்லா விழுந்திருக்குதுங்களா?”

“நடுவுல நிக்கறவரு இதோ இருக்கற மாணிக்கவேல்தானே?”

“அவருதாங்க.”

“இவரு உங்க பட்டறையில வேலை செஞ்சாரா?”

கோதண்டபாணி படத்தைப் பார்த்தான். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது.

“இவரு எஞ் சம்சாரத்தோட தம்பிங்க மேடம். பூசைக்கு வந்தாரு. பொரி சுண்டல் சாப்புட வந்தவர சும்மா நிக்க வெச்சி எடுத்தேன்.”

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. மாணிக்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது. அம்புஜவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான் சொல்றத எழுதிக்கிங்கம்மா. இவரு பொண்டாட்டி நானு. அவனுக்கு அக்கா. பதினோரு வருசமா ஒரு மணிக்கு ரெண்டு தூக்குல சோறு எடுத்துக்கிட்டு பட்டறைக்குப் போவேன். ஒண்ணு இவருக்கு, ஒண்ணு அவனுக்கு. இவரு ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து சாப்புடுவாரு. அவன் மாவு அரைக்கற ரூம்லேருந்து வருவான். தலையத் தட்டுனா சோத்துல மாவு கொட்டும். அத வழிச்சிப் போட்டுட்டு சாப்புடுவான். வேற சோறு கொண்டாரேன்னா, நேரமாச்சி அக்கா, மாமா திட்டுவாரும்பான். பொரி திங்க வந்தவன இவரு எதுக்கும்மா தெனமும் திட்டுனாரு?”

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “சொந்தக்காரங்க சொல்றத மட்டும் வெச்சி நான் முடிவு பண்ண முடியாதும்மா.” பிறகு கோதண்டபாணியிடம் திரும்பினார். “உங்க சம்சாரம் சொல்றது பொய்யா?”

அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“உங்களத்தான் கேக்கறேன். இவங்க சொல்றது பொய்யா?”

அம்புஜவல்லி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மூன்றாவது தடவையும் அதிகாரி கேட்டார். அதற்கும் பதில் இல்லை. அவர் குனிந்து எழுதினார், எழுதியதைப் படித்தார். “‘மனைவி கூறியதை சூப்பர்வைசர் மறுக்கவில்லை.’ சரியா? இது போதும், மேல நான் பாத்துக்கறேன். இங்க கையெழுத்துப் போடுங்க.”

கோதண்டபாணி போட்டான். மச்சான் மேல் பாசம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவர் பேனாவை நீட்டினால் அவன் எதில் வேண்டுமானாலும் போடுவான். முதலாளி சொன்னபடி பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்தைத்தான் இங்கேயும் சுழித்துப் போட்டான். அவன் ஊமையாக இருந்தது ஒரு மனுஷனுக்கு உபயோகப்பட்டது அந்த ஒரே தடவைதான்.

கீழே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மாணிக்கவேலை ஏற்றி உட்காரவைத்தோம். நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். கோதண்டபாணி தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தான்.

“பாத்தியா? அந்தப் படம் இல்லன்னா இன்னிக்கி காரியம் ஆயிருக்குமா?” என்று சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்து ஏற வந்தான்.

“எடம் இல்ல” என்றாள் அம்புஜவல்லி.

பின் சீட்டில் இன்னும் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். டிரைவர் என்னைப் பார்த்தான். வண்டியை எடு என்றேன்.